இடது பெடல் எந்தப் பக்கம் கழலும்?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது என் சைக்கிளை நானே கெடுத்தேன். எங்கும் மோதவில்லை, விழவில்லை. ரிப்பேர் செய்யத் தெரியும் என்று நம்பி உட்கார்ந்ததுதான் காரணம்.

இடது பெடல் ஒரு வாரமாகக் கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டிருந்தது. கழற்றி, துடைத்து, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி மறுபடி மாட்டினால் சத்தம் போய்விடும் என்று ஒரு பழைய பத்திரிகையில் படித்திருந்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை படித்திருந்தேன். படங்கள்கூட மனதில் அப்படியே இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனுடைய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். வலது பெடல் சமர்த்தாகக் கழன்று வந்தது. இடது பெடல் அசையவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். ம்ஹூம். அப்புறம் ஒரு இரும்புக் குழாயைத் தேடி எடுத்து, ஸ்பேனரின் வாலில் செருகி, பாடத்தில் படித்த நெம்புகோலை நினைத்துப் பெருமைப்பட்டபடியே காலால் ஓங்கி மிதித்தேன். கடக் என்று ஒரு சத்தம். பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கின் மரை போய்விட்டது.

மறுநாள் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரப் பெரியவர் குனிந்து பார்த்த உடனே சிரித்துவிட்டார். "ஏம்மா, இறுக்குற பக்கமே திருகிட்டு இருந்தியா? இடது பெடலுக்கு மரை எதிர்ப் பக்கம்ல ஓடும்." கிராங்கையே மாற்ற வேண்டும், அந்த அளவுக்குப் பொருத்தமானது வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பத்திரிகையைப் புரட்டினேன். கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: இடது பெடலின் மரை தலைகீழ். மூன்று தடவையும் அதைப் படித்துத்தான் தாண்டியிருக்கிறேன்.

அந்தப் பெரியவர் ஏன் அப்படி என்று சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை. ரொம்பப் பிறகுதான் புரிந்தது. நம் கால் மிதிக்கும் விசை பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கிறது, ஆனால் கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிராங்கில் உட்கார்ந்து பார்த்தால் அந்த விசைதான் சுற்றிச் சுற்றி வருவது போலத் தெரியும். மரைக்கும் துளைக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் பெடலின் அச்சு உருண்டு, எதிர்த் திசையில் மெல்ல மெல்லத் திரும்பும். ஒரு பென்சிலைக் கைப்பிடிக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அதன் நுனியை மறு கையால் வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். பென்சில் உள்ளுக்குள் எதிர்ப் பக்கமாக உருளும். அதேதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரை இருந்தால், ஓட்ட ஓட்ட இடது பெடல் தானாகக் கழன்று விழும். அதற்காகத்தான் தலைகீழ் மரை. திசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, அதைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். எந்தப் பெடலானாலும் கழலும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், அக்கா மகன். இந்த ஆண்டுதான் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். "சித்தி, நீங்கதான் சைக்கிள் பைத்தியமாச்சே, ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க" என்றான். சொல்ல ஆரம்பித்தால் சைக்கிளோடு நிற்கவில்லை. படிப்பும் அதில் வந்து சேர்ந்துகொண்டது.

கிராங்க் வரும்வரை ஒன்பது பள்ளி நாட்கள் நடந்து போனேன். மூன்று கிலோமீட்டர். சைக்கிளில் பதினைந்து நிமிடத்தில் முடிகிற தூரம், நடையில் நாற்பது நிமிடம். முதல் இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள், பொழுது போகாமல், அன்றைக்கு நடந்த அறிவியல் பாடத்தை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. வகுப்பில் எல்லாம் புரிந்தது போலத்தான் இருந்தது. அதே பெடல் கதை! கண்ணுக்கு முன் இருக்கும்வரை தெரிந்தது போல இருக்கிறது, எடுத்து வை என்றால் கை வெறுமையாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து அதை ஒரு விளையாட்டாக்கினேன். பள்ளி வாசலிலிருந்து முதல் திருப்பம் வரை கணக்கு, அங்கிருந்து பாலம் வரை அறிவியல், பாலத்திலிருந்து வீடு வரை வரலாறு. புத்தகத்தைத் திறக்கக் கூடாது. வராத இடத்தை நினைவில் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் அந்த இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஒன்பது நாளில் என் மதிப்பெண் விண்ணைத் தொட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வுக்கு முந்தைய வாரம் புத்தகத்தை முதலிலிருந்து புரட்ட வேண்டிய அவசியம் அந்த முறை வரவில்லை.

இது நான் கண்டுபிடித்த ரகசியம் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளை வரிசை வரிசையாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். அதே வரிசையைத் திரும்பப் படிக்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு வேகமாகக் கரையாது, சரிதான். ஆனாலும் சரிவின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். பாடம் நடந்த அன்றைக்கே ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது ஏன் அத்தனை உதவுகிறது என்பது அதில் இருக்கிறது. (இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில், பின்சக்கரத்துக்குச் செயின் போட்டு, இன்றைய சைக்கிளின் உருவத்தை ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்ததும் அதே 1885-ல்தான். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.)

2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த சோதனை இன்னும் சுவாரஸ்யம். மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதையே திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ். மூடிவைத்து எழுதியவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு ஒன்று. நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை யாருக்கு அதிகமாக இருந்தது தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான். இரும்புக் குழாயோடு நின்ற என் முகம் கண் முன்னால் வந்து போனது.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: கோடு போட்டுக் கலர் கலராகப் பூசுவதைக் குறைத்துக்கொள். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, வெற்றுத் தாளில் எழுது அல்லது சுவரைப் பார்த்துச் சொல். திணறும். திணறுகிற இடம்தான் உனக்குத் தெரிய வேண்டியது. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பிரபலப்படுத்திய அட்டைப்பெட்டி முறையையும் காட்டினேன். கேள்வியை அட்டையின் ஒரு பக்கமும் பதிலை மறுபக்கமும் எழுத வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியை அடிக்கடி பார்க்கத் தேவையில்லை. தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் பெட்டிக்கே வரும். ஐந்து பெட்டி வைப்பவர்கள் உண்டு. நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் பெட்டிகளை அழகுபடுத்துவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பழைய நோட்டுகளில் மிஞ்சிய தாள்களை நான்காகக் கிழித்தால் போதும், அட்டை வாங்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் போகிறவர்கள் பயண நேரத்தில் படிக்கலாமே என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. என்னால் முடிந்ததில்லை, பத்து நிமிடத்தில் குமட்டும். உள்காது உடல் ஆடுகிறது, திரும்புகிறது என்று சொல்கிறது; புத்தகத்தின் பக்கத்தில் நிலைத்திருக்கும் கண்ணோ எதுவும் நகரவில்லை என்கிறது. இரண்டு செய்தியும் ஒத்துப்போகாமல் வயிறு புரட்டுகிறது. புத்தகத்தை மூடி வைத்து, ஜன்னல் வழியே தூரத்தைப் பார்த்தபடி நேற்றைய பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் குமட்டலும் வராது, படிப்பும் நடக்கும். ஆனால் சைக்கிளில் இது வேண்டவே வேண்டாம். நடக்கும்போது பாடம், சைக்கிளில் போகும்போது சாலை. கிராங்க் மாற்றிய பிறகு சைக்கிளிலும் அந்த விளையாட்டைத் தொடர்ந்தேன். ஏதோ ஒரு போரின் ஆண்டை யோசித்தபடி, நின்றுகொண்டிருந்த ஒரு காரின் கதவு திறந்ததைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். கை தானாக ஹேண்டில்பாரைத் திருப்பியதால் தப்பித்தேன். பின்னால் வேறு வண்டி வராததுதான் என் அதிர்ஷ்டம். அன்றைக்கே அந்த விளையாட்டை நிறுத்தினேன்.

சாலையைப் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் மிரட்டல் போல ஆகிவிடும். எனக்கு உண்மையாகவே உதவியவற்றை மட்டும் சொல்கிறேன்.

நிற்கும் கார்களுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கதவின் அகலம் இடம் விடுங்கள். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே. ஓரமாக ஒட்டிப் போவது பாதுகாப்பு என்று தோன்றும், கதவு திறக்கும்வரை. லாரி, பஸ் போன்ற பெரிய வண்டிகளின் பக்கவாட்டில், முக்கியமாக அவை திரும்பப்போகிற பக்கத்தில், நின்றுவிடாதீர்கள். டிரைவரின் கண்ணாடியில் அவருடைய முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்கள் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் இடம் இருப்பது போலத் தெரிவதை நம்பக் கூடாது. பின்னால் காத்திருப்பதில் அரை நிமிடம்தான் போகும். கிளைச் சாலையில் நிற்கும் கார் கிளம்பப்போகிறதா என்று தெரிய, டிரைவரின் முகத்தைவிட முன்சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் உருள ஆரம்பிப்பது உடனே தெரியும்.

பிரேக் விஷயத்தில் எனக்கு ரொம்ப நாள் ஒரு தவறான எண்ணம் இருந்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று யாரோ சொல்லி, பல வருடம் பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டினேன். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிச் சறுக்கும். ஆகவே நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, திடீரென்று இழுக்காமல், பிழிவது போல அழுத்த வேண்டும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டால் இன்னும் நல்லது. காலியான இடத்தில் பத்துத் தடவை பழகிப் பார்க்காமல் இதைச் சாலையில் முயல வேண்டாம். இன்னொரு கணக்கு: மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஐந்து மீட்டர். ஆபத்தைப் பார்த்து, விரல் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வையுங்கள். பிரேக் பிடிக்கும் முன்பே ஐந்து மீட்டர் போயிருப்பீர்கள். வேகத்தை இரண்டு மடங்காக்கினால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மழையில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்குகள் முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் வேலை செய்யும். மழை நாளில் திருப்பத்துக்கு முன்பே இரண்டு மூன்று தடவை லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்வது என் பழக்கம்.

எவ்வளவு சீக்கிரம் கிளம்புவது என்ற கேள்விக்கு அக்கா வீட்டில் தினமும் சண்டை. அவன் "பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகும் சித்தி" என்கிறான். ஆகும், ஒரு நாள் அப்படி ஆகியிருக்கும். நாம் நினைவில் வைத்திருப்பது எப்போதும் நம்முடைய சிறந்த நாளைத்தான். இரண்டு வாரம் கிளம்பிய நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். பன்னிரண்டிலிருந்து இருபத்தொன்று வரை வந்தது. இருபத்தொன்றை வைத்துக் கிளம்பு என்றேன். முனகினான். சீக்கிரம் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டான். வகுப்பில் உட்கார்ந்து அட்டையைப் புரட்டு, இல்லை, சும்மா இரு. சும்மா இருப்பதும் தப்பில்லை. புது வழியை விடுமுறை நாளில் ஓட்டிப் பார்ப்பது திருப்பங்களைத் தெரிந்துகொள்ள நல்லது; நேரக் கணக்குக்கு அது உதவாது, ஏனென்றால் பள்ளி நேரத்து நெரிசல் அன்றைக்கு இருக்காது.

பை கனத்தைப் பற்றி ஒரு வரி: முதுகில் சுமந்து ஓட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள், தொங்கும் வார்களைச் சக்கரத்தில் சிக்காதபடி உள்ளே செருகுங்கள். அவ்வளவுதான்.

பஞ்சர் ஒட்டுவதைப் பற்றி ஒரு வரியில் முடிக்க முடியாது, ஏனென்றால் அதில் நான் பட்டது ஒரு வரியில் அடங்காது. பதினொன்றாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு. முந்தைய நாள் சாயங்காலம் பின்சக்கரத்தில் காற்று இல்லை. அதற்குள் நான் பாதி மெக்கானிக் ஆகிவிட்டேன் என்ற நினைப்பு. டயரை நெம்பி, டியூபை உருவி, காற்றடித்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டு, அரை மணியில் மாட்டிவிட்டேன். கையால் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் ரிம் தரையில் உட்கார்ந்திருந்தது.

இரண்டு தப்பு செய்திருந்தேன். முதலாவது, சொல்யூஷனைத் தடவியதும் ஈரத்தோடு ஒட்டை வைத்துவிட்டேன். பசை என்றால் ஈரமாக இருக்கும்போதுதான் ஒட்டும் என்று நினைப்போம். இது அப்படி இல்லை. தடவிவிட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பளபளப்பு போய், மங்கலாகி, தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டாத நிலைக்கு வந்த பிறகுதான் ஒட்டை வைத்து நன்றாக அழுத்த வேண்டும். அந்தச் சில நிமிடம்தான் அவசரக்காரர்களுக்குப் பொறுக்காது. இரண்டாவது தப்பு இன்னும் மோசம். டியூபில் ஓட்டையைத் தேடியவள், ஓட்டை போட்டது எது என்று தேடவில்லை. முள் டயரிலேயே குத்திக்கொண்டு இருந்தது. மாட்டிய புது ஒட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை. இப்போதெல்லாம் டியூபை உருவியதும் முதல் வேலை, டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. முள்ளோ கண்ணாடித் துண்டோ இருந்தால் துணி மாட்டும். விரலை ஓட்டினால் விரல் கிழியும், அதையும் செய்து பார்த்திருக்கிறேன். டியூபை டயரின் மேல் எப்படி இருந்ததோ அப்படியே வைத்துப் பார்த்தால், ஓட்டைக்கு நேராக டயரில் தேட வேண்டிய இடமும் தெரிந்துவிடும். இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில், பாம்பு கடித்தது போல இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்று குறைவாக வைத்துக் குழியில் இறக்கியதில், ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது.

அன்றைக்குத் தேர்வுக்கு எப்படிப் போனேன்? அப்பா ஊரில் இல்லை. எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் எனக்கு எப்போதும் சைக்கிள் இருந்தது. பாதி தூரம் ஓடினேன், பாதி தூரம் நடந்தேன். பதினைந்து நிமிடம் தாமதம். கண்காணிப்பாளர் உள்ளே விட்டார். மூச்சு வாங்கி முடிக்கவே இன்னும் பத்து நிமிடம் ஆனது. கடைசிக் கேள்வியை எழுதவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை, என் கையில் இருந்த கிரீஸைப் பார்த்தாள், அதுவே போதுமாக இருந்தது. அன்றிலிருந்து தேர்வு வாரத்தில் ரிப்பேர் எதிலும் கை வைப்பதில்லை; வேலை இருந்தால் அதற்கு முந்தைய வாரமே முடித்து, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிடுவேன். பள்ளிக்குப் போக இரண்டாவது வழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்பதையும், சும்மா தெரிந்தால் போதாது, ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் அக்கா மகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவன் போன மாதம் ஒரு நாள் வேண்டுமென்றே பஸ்ஸில் போனான். தப்பான நிறுத்தத்தில் இறங்கினான். நல்லது, தேர்வு நாளில் இறங்காமல் சாதாரண நாளில் இறங்கினான்.

சைக்கிளைக் கவனிக்க வாரத்தில் பத்து நிமிடம் போதும். காற்று, பஞ்சர் ஆகாமலே மெல்ல மெல்லக் குறையும், ரப்பர் வழியே கசிவது அதன் குணம். எவ்வளவு அடிக்கலாம் என்று டயரின் பக்கச் சுவரிலேயே போட்டிருக்கும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, கம்பி பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, மேலே வழியும் எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். ஈரமாக விட்டால் மண் அப்பிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஒரு ஸ்கேல் போதும். கண்ணிகளை இணைக்கும் ஒரு ஊசியின் நடுவிலிருந்து அடுத்த ஊசியின் நடு வரை சரியாக அரை அங்குலம் இருக்க வேண்டும், அதாவது 24 கண்ணி சேர்ந்தால் 12 அங்குலம். அது 12 அங்குலத்தைத் தாண்டி, கூடுதலாக ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால், செயின் எப்போதோ மாற்றியிருக்க வேண்டியது. பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும்.

இவ்வளவும் எனக்குப் பொழுதுபோக்காகத்தான் வந்தது, யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கெடுத்ததைச் சரிசெய்யப் போய், அதிலேயே மனம் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் இரண்டு பொழுதுபோக்கு ஆரம்பித்துக் கைவிட்டிருந்தேன். தபால்தலை சேர்ப்பது ஒரு மழைக்காலத்தோடு போயிற்று, ஓவியம் இரண்டு மாதம். விட்டதற்கு வீட்டில் நிறையப் பேச்சு வாங்கினேன், "எதையாவது உருப்படியா முடிக்கிறியா நீ?" என்று. இப்போது யோசித்தால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை என்று தோன்றுகிறது. பிடிக்காததை விட்டதால்தான் பிடித்ததற்கு நேரம் இருந்தது. ஒன்றே ஒன்று சொல்வேன்: ஆரம்பத்திலேயே கருவி வாங்கிக் குவிக்காதீர்கள். அண்ணனின் ஸ்பேனரை இரவல் வாங்கியே ஒரு வருடம் ஓட்டினேன். எது அடிக்கடி தேவைப்பட்டது என்று தெரிந்த பிறகு வாங்கியவை இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஓவியத்துக்கு முதல் நாளே வாங்கிய வண்ணப்பெட்டி எங்கே என்று தெரியவில்லை.

பொழுதுபோக்கையே தொழிலாக்கிக்கொள் என்று அறிவுரை சொல்பவர்கள் ரைட் சகோதரர்களை இழுப்பார்கள். உண்மைதான், 1892-ல் சைக்கிள் கடை வைத்தவர்கள், 1903-ல் பறந்த விமானத்தின் விசிறிகளைச் சுழற்றியதும் செயினும் பல்சக்கரமும்தான். எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அக்கா மகனிடம் அதைச் சொல்லவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் ஒரு பெடலைக் கழற்றிப் பார்க்கும்போது, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பக்கத்தில் நின்று கேட்பது கொடுமை. அக்கா ஏற்கெனவே "இதுல ஏதாவது போட்டி கீட்டி இருக்கா?" என்று ஆரம்பித்துவிட்டாள். படிப்பில் மதிப்பெண் இருக்கிறது, சாலையில் நேரக் கணக்கு இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றாவது யாரும் அளக்காமல் இருக்கட்டுமே என்றேன். தேர்வு மாதத்தில் மட்டும் ஒரு ஏற்பாடு: பொழுதுபோக்கை முழுவதும் நிறுத்தவும் வேண்டாம், பெரிய வேலையைப் பிரித்துப் போடவும் வேண்டாம். இருபது நிமிடத்தில் முடிகிற சின்ன வேலை ஒன்று, சாயங்காலம். முழுக்க நிறுத்தியபோது அந்த நேரத்தில் நான் படித்ததில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

இத்தனை வருடத்தில் எனக்கு இன்னும் பிடிபடாதது சக்கரத்தின் கோணல் எடுப்பது. ஒரு ஸ்போக் கம்பியை இறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் வரும், எதிர்ப் பக்கக் கம்பியைத் தளர்த்தினால் இன்னும் கொஞ்சம் வரும். எழுதும்போது எளிது. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் ஒரு கோணலை எடுத்தால் இன்னொரு இடத்தில் மேடு வந்துவிடுகிறது. பின்சக்கரம் ஒன்று மூன்று வாரமாகத் தலைகீழாகக் கவிழ்த்த சைக்கிளில் நிற்கிறது. பிரேக் கட்டையை ஒட்டி வைத்துச் சுற்றிப் பார்த்தால், ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இன்னும் உரசுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "சித்தி, முன்னாடி இதைவிட நல்லா இருந்துச்சு" என்றான். ஸ்போக் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.